வீட்டுச் சேமிப்பு சர்வருக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா? வாங்கும் முன் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. நான்கு ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு அதை வீட்டுச் சேமிப்பு சர்வராக மாற்றலாம் என்று நினைக்கிறீர்கள். அல்லது பாகம் பாகமாக வாங்கிப் புதிதாகவே கட்டப் போகிறீர்கள். எப்படிப் போனாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: கிராஃபிக்ஸ் கார்டை அப்படியே வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா, புதிதாக ஒன்று வாங்குவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்குத் தனி கார்டு தேவையில்லை. ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் சிப் பல வீடுகளுக்குக் கட்டாயம் தேவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் வேண்டாத கார்டை வாங்குகிறார்கள். வேறு சிலர் கிராஃபிக்ஸே இல்லாத பிராசஸரை வாங்கிவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். பிராசஸர் வாங்கும் அன்றே கார்டு வேண்டுமா வேண்டாமா என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் கீழே உள்ள படிகளை வரிசையாகப் பாருங்கள்.

படி 1: சர்வர் செய்யப்போகும் வேலைகளை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். கோப்புகளைச் சேமிப்பது, போன் படங்களை பேக்கப் எடுப்பது, படம் பார்ப்பது, பாதுகாப்புக் கேமரா பதிவு, வேறு ஏதாவது மென்பொருள் ஓட்டுவது என்று எதெல்லாம் உண்மையில் நடக்கும் என்று பாருங்கள். "ஒரு நாள் தேவைப்படலாம்" என்ற வகையைத் தனியாக எழுதுங்கள். அதற்காக இன்று பணம் செலவழிக்க வேண்டாம்.

பட்டியலில் கோப்புச் சேமிப்பும் பேக்கப்பும் மட்டும்தான் என்றால், கிராஃபிக்ஸ் கார்டுக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் கிடையாது. ஒரு கோப்பை சர்வரிலிருந்து லேப்டாப்புக்கு நகர்த்தும்போது அது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு வந்து, அங்கிருந்து நெட்வொர்க் போர்ட் வழியாக வெளியே போகிறது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்தினால், தரவு கெடாமல் இருக்கிறதா என்று செக்சம் சரிபார்ப்பது, டிஸ்க் கெட்டால் மீட்க உதவும் பாரிட்டி கணக்கிடுவது, எல்இசட்4 முறையில் சுருக்குவது எல்லாம் பிராசஸரின் வேலை. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருந்தாலும், அதற்கான ஏஇஎஸ் முறைக் கணக்குக்கென்றே பிராசஸரில் தனிக் கட்டளைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கோர் உள்ள கார்டைச் செருகினாலும் கோப்பு ஒரு நொடிகூட முன்னதாக வந்து சேராது.

வேகம் எங்கே தடைபடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் கோட்பாட்டளவில் நொடிக்கு 125 எம்பி (மெகாபைட்) போகலாம். நடைமுறையில் 110 எம்பிக்கு மேல் சற்றுத்தான் கிடைக்கும். இன்றைய பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றே தொடர் வாசிப்பில் 200 எம்பியைத் தாண்டுகிறது. ஆக, கோப்பு நகர்வது மெதுவாக இருக்கிறதே என்று வருந்துபவர் முதலில் பார்க்க வேண்டியது 2.5 அல்லது 10 ஜிகாபிட் நெட்வொர்க். அதற்கடுத்து ரேம். ட்ரூநாஸ் போன்ற, இசட்எஃப்எஸ் பயன்படுத்தும் சர்வர் ஓஎஸ்ஸுக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும், 16 இருந்தால் நிம்மதி. கார்டுக்கென்று ஒதுக்கிய பணம் கையில் இருந்து, பேக்கப்புக்கு வேறு டிஸ்க் இல்லையென்றால், தயவுசெய்து அந்த டிஸ்க்கை வாங்குங்கள். ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பது, பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பை அது திருப்பித் தராது.

படி 2: திரையே இல்லாமல் உங்கள் மெஷின் எழுமா என்று பாருங்கள்

சர்வர் மூலையில் கிடக்கும், மானிட்டர் இருக்காது. ஆனாலும் முதல் முறை ஓஎஸ் நிறுவவும், பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பை மாற்றவும், ஒரு நாள் பூட் ஆகாமல் நின்றால் என்ன பிழை என்று படிக்கவும் திரை வேண்டும். போதாததற்கு, சில மதர்போர்டுகள் கிராஃபிக்ஸ் எதுவுமே இல்லையென்றால் பீப் ஒலி எழுப்பிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

இதற்குப் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஐ5-12400 என்றால் உண்டு, ஐ5-12400எஃப் என்றால் இல்லை. ஏஎம்டி ரைசனில் கதை வேறு. 1000 முதல் 5000 வரையிலான டெஸ்க்டாப் வரிசைகளில் ஜி என்று முடிபவற்றில்தான் கிராஃபிக்ஸ் உண்டு; ரைசன் 5 5600இல் இல்லை, 5600ஜியில் உண்டு. 7000 வரிசையிலிருந்து எஃப் வகை தவிர மற்றவற்றில் சிறியதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். பழைய சர்வர் பிராசஸரை மலிவாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: ஜியான் ஈ5 வரிசையில் கிராஃபிக்ஸ் கிடையவே கிடையாது. ஈ3 வரிசையில் 5 என்று முடியும் எண்களில் உண்டு, 0 என்று முடிபவற்றில் இல்லை.

ஈசிசி ரேம் (பிழையைத் தானே கண்டு திருத்தும் ரேம்) வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். ஏஎம்4 சாக்கெட்டில் ஈசிசியோடு வேலை செய்யும் சாதாரண ரைசன்களில் கிராஃபிக்ஸ் இல்லை. கிராஃபிக்ஸ் உள்ள ஜி வகையில், ப்ரோ என்று பெயரில் இருந்தால்தான் ஈசிசி கிடைக்கும். அப்போது இரண்டு வழி இருக்கிறது. பிஎம்சி சிப் (தொலைவிலிருந்து சர்வரை நிர்வகிக்க உதவுவது) உள்ள சர்வர் மதர்போர்டு வாங்குவது ஒன்று. அஸ்ராக் ராக் எக்ஸ்470டி4யு போன்றவற்றில் ஆஸ்பீட் நிறுவனத்தின் சிறிய சிப் இருக்கிறது. சர்வரின் திரையை வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரிலேயே காட்டும், பயாஸுக்குள்ளும் போகலாம். அந்தச் சிப்பால் வீடியோவை மாற்றித் தர முடியாது, திரை காட்டும், அவ்வளவுதான். ஆனால் சேமிப்பு வேலைக்கு அது தாராளம். இன்னொரு வழி, யாரிடமாவது ஒரு பழைய கார்டை ஒரு நாளைக்கு மட்டும் கடன் வாங்குவது.

கடன் வாங்கிய கார்டோடு செய்யும் முறை இதுதான். கார்டைச் செருகி ஓஎஸ்ஸை நிறுவுங்கள். சர்வருக்கு நிலையான ஐபி முகவரி கொடுத்து, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) இணைப்பையும் வெப் நிர்வாகப் பக்கத்தையும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து திறந்து பாருங்கள். பயாஸில் பிழை வந்தால் நிற்க வேண்டுமா என்ற அமைப்பு இருந்தால், எதற்கும் நிற்க வேண்டாம் என்று மாற்றுங்கள். மின்சாரம் போய் வந்தால் தானாக எழும் அமைப்பையும் அப்போதே போட்டுவிடுங்கள். பிறகு அணைத்து, கார்டைக் கழற்றி, மறுபடி இயக்குங்கள். நெட்வொர்க்கில் பிடிபட்டால் வேலை முடிந்தது.

பிடிபடவில்லை என்றால் உடனே மதர்போர்டைக் குறை சொல்லாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கார்டைக் கழற்றிய பின் என் சர்வர் நெட்வொர்க்கில் காணாமல் போனது. கார்டு இல்லாமல் பூட் ஆகவில்லை என்று முடிவு செய்து, ஒரு முழு மாலையைப் பயாஸோடு கழித்தேன். ஆனால் மெஷின் நன்றாகவே பூட் ஆகியிருந்தது. லினக்ஸ் நெட்வொர்க் போர்ட்டுக்குப் பெயர் வைக்கும்போது, அது பிசிஐ பஸ்ஸில் (கார்டுகளும் போர்ட்டுகளும் மதர்போர்டோடு இணையும் பாதையில்) எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து வைக்கிறது. கார்டைக் கழற்றினால் பின்னால் இருப்பவை ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடலாம். 4 என்றிருந்த பஸ் எண் 3 ஆகிவிடும், போர்ட்டின் பெயரும் மாறிவிடும். நான் கொடுத்த நிலையான ஐபி பழைய பெயருக்குக் கொடுத்தது. இல்லாத ஒரு போர்ட்டுக்காக அது காத்துக்கொண்டே இருந்தது. இதைத் தவிர்க்க, கழற்றும் முன் நெட்வொர்க் அமைப்பைப் போர்ட்டின் பெயரோடு கட்டாமல் மேக் முகவரியோடு (போர்ட்டுக்கே உரிய அடையாள எண்) கட்டுங்கள். அல்லது சர்வரில் டிஎச்சிபி (ரவுட்டரே ஐபி கொடுக்கும் முறை) என்று விட்டுவிட்டு, ரவுட்டரில் அந்த மேக் முகவரிக்கென்று ஒரு ஐபியை ஒதுக்குங்கள். கார்டைப் புதிதாகச் செருகும்போதும் இதே தொல்லை வரும், மறக்காதீர்கள்.

படி 3: வீடியோ உங்கள் வீட்டில் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கார்டு தேவையா என்ற கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி (Emby) போன்ற மீடியா சர்வர் மென்பொருள்கள் ஒரு படத்தை மூன்று விதமாக அனுப்பும். டிவியோ போனோ அந்தக் கோப்பை அப்படியே திறக்கும் என்றால், சர்வர் கோப்பை எடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். இது நேரடி ஓட்டம். வீடியோவும் ஆடியோவும் சரி, ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்கும் எம்கேவி போன்ற உறைதான் பிடிக்கவில்லை என்றால், உறையை மட்டும் மாற்றி அனுப்பும். இதற்கும் பெரிய உழைப்பு இல்லை. ஆடியோவை மட்டும் மாற்றுவதும் பிராசஸருக்குச் சின்ன வேலைதான். மூன்றாவதுதான் கனமானது. வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாகப் பிரித்து, அளவையோ கோடெக்கையோ (வீடியோவைச் சுருக்கும் முறை) மாற்றி, மறுபடி கட்டி, படம் ஓடும் வேகத்திலேயே அனுப்ப வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்கிறோமே, அது இதுதான்.

இதைப் பிராசஸர் கோர்களை மட்டும் வைத்துச் செய்தால் எவ்வளவு பாரம் என்பதற்கு பிளெக்ஸ் ஒரு தோராயக் கணக்கு தருகிறது. சாதாரண 1080பி படம் ஒன்றை மாற்ற பாஸ்மார்க் என்ற வேகச் சோதனையின் மதிப்பெண் 2000 அளவுக்குப் பிராசஸர் சக்தி வேண்டும். 4கே எச்டிஆர் (ஒளியும் நிறமும் விரிவாகப் பதிந்த) படம் என்றால் 17000. சிறிய சர்வர்களில் இப்போது பரவலாக இருக்கும் இன்டெல் என்100க்கு ஏறக்குறைய 5500தான் வரும். அதாவது கோர்களை மட்டும் நம்பினால் ஒரு 4கே எச்டிஆர் படத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அதனால் தாங்க முடியாது.

ஆனால் அதே என்100, 4கே ஓட்டங்கள் ஒன்றிரண்டைச் சிரமமில்லாமல் மாற்றித் தருகிறது. காரணம், அதன் உள் கிராஃபிக்ஸோடு சேர்ந்து இருக்கும் குவிக் சிங்க். இன்டெல் 2011இல் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களோடு கொண்டுவந்தது இது. வீடியோவைப் பிரித்துக் கட்டுவதற்கென்றே செய்த தனிச் சுற்று. வேறு எதுவும் செய்யத் தெரியாது, இதை மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். என்விடியா கார்டுகளிலும் இதே மாதிரி தனிச் சுற்று ஒன்று 2012 முதல் இருக்கிறது. விளையாட்டுக்கான கோர்கள் எத்தனை என்பது டிரான்ஸ்கோடிங்குக்குப் பெரிய விஷயமே இல்லை. பெரிய கார்டு வாங்கினால் வீடியோ இன்னும் நன்றாக மாறும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

எந்தத் தலைமுறை சிப் எந்தக் கோடெக்கை அறியும் என்பதுதான் பார்க்க வேண்டியது. எச்.264ஐ எல்லாத் தலைமுறையும் கையாளும். எச்.265 படங்களில் பெரும்பாலான 4கே எச்டிஆர் கோப்புகள் 10 பிட் வகை. இன்டெல்லில் அதை முழுமையாகக் கையாள 7ஆம் தலைமுறை, அதாவது கேபி லேக் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதனால் பழைய 4ஆம் தலைமுறை மெஷினில் குவிக் சிங்க் இருந்தாலும் 4கே படத்துக்கு அது உதவாது. ஏவி1 என்ற புதிய கோடெக்கில் உள்ள கோப்புகளைப் பிரிக்க 11ஆம் தலைமுறையிலிருந்து முடியும். ஏவி1 ஆகக் கட்டித் தருவதற்கு இன்டெல் ஆர்க் கார்டுகள், என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை, இன்டெல்லின் கோர் அல்ட்ரா சில்லுகள் என்று புதியவைதான். வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏவி1 ஆகக் கட்ட வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

ஏஎம்டியின் உள் கிராஃபிக்ஸும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அதே பிட்ரேட்டில் (நொடிக்குச் செலவாகும் தரவு அளவில்) எச்.264 தரம் சற்றுக் குறைவு, மென்பொருள் ஆதரவிலும் அவ்வப்போது இடறும். டிரான்ஸ்கோடிங் முக்கியம் என்று முன்கூட்டியே தெரிந்தால் நான் இன்டெல்லைத்தான் எடுப்பேன்.

தயாராகவே கிடைக்கும் சேமிப்பு சர்வர் பெட்டிகளை வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். சினாலஜியின் டிஎஸ்920+ பெட்டியில் குவிக் சிங்க் உள்ள இன்டெல் ஜே4125 இருந்தது. அதற்கடுத்து வந்த டிஎஸ்923+ பெட்டியில் ஏஎம்டி ஆர்1600. அதில் கிராஃபிக்ஸே கிடையாது. கோப்பு வேலைக்குப் புதியது மேல், படத்தை மாற்றி அனுப்புவதற்குப் பழையது மேல். மாடல் எண் ஏறினால் எல்லாமே ஏறும் என்று நம்பி வாங்கக் கூடாது.

படி 4: ஒரு வாரம் அளந்து பாருங்கள்

கார்டு வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். மீடியா சர்வரை நிறுவி, வீட்டில் எல்லோரும் வழக்கமாகப் பார்ப்பது போலப் பார்க்கட்டும். யாராவது படம் பார்க்கும்போது நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், நேரடி ஓட்டமா டிரான்ஸ்கோடிங்கா என்று எழுதியிருக்கும். டிரான்ஸ்கோடிங் என்றால் ஏன் என்ற காரணத்தையும் காட்டும். குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் உங்களுக்கே ஒரு வடிவம் தெரியும்.

பல நேரம் அந்தக் காரணங்களை ஒரு செலவும் இல்லாமல் நீக்கிவிடலாம். அடிக்கடி வருவது சப்டைட்டில். புளூ-ரேயிலிருந்து எடுத்த கோப்புகளில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். அதைத் திறக்கத் தெரியாத டிவிக்கு அனுப்பும்போது சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதை ஒட்டித் தர வேண்டும். அதற்காக முழு வீடியோவும் மாற்றப்படுகிறது. எஸ்ஆர்டி வகை எழுத்துச் சப்டைட்டிலைப் பக்கத்தில் போட்டுவைத்தால் இந்த வேலையே எழாது. அடுத்தது, செயலியில் தரம் தானாகக் குறைவாக அமைந்திருப்பது. வீட்டுக்குள் பார்க்கும்போது அசல் தரம் என்று மாற்றிவிடுங்கள். பிரவுசரில் பார்த்தால் எச்.265 திறக்காமல் போகலாம். அதே படத்தை அந்த மீடியா சர்வரின் சொந்தச் செயலியில் பாருங்கள்.

இன்னொன்று, இதில் ஏமாறாதவர்கள் குறைவு. பல டிவிகளின் நெட்வொர்க் கேபிள் போர்ட் 100 மெகாபிட்தான். 4கே புளூ-ரேயிலிருந்து அப்படியே எடுத்த படம் சில காட்சிகளில் அதைத் தாண்டிவிடும். படம் நின்று நின்று ஓடும்போது சர்வருக்குச் சக்தி போதவில்லை என்று தோன்றும். கார்டு வாங்கிப் போட்டாலும் அதே இடத்தில் மறுபடி நிற்கும். நல்ல வைஃபை இருந்தால் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே காட்சியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் டிரான்ஸ்கோடிங் நடப்பது எங்கே? பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் குடும்பத்தினர் குறைந்த இணைய வேகத்தில் பார்க்கும்போதுதான். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேர் என்றால் உள் கிராஃபிக்ஸே தாங்கும். ஒன்று மட்டும்: எச்டிஆர் படத்தைச் சாதாரணத் திரைக்கு மாற்றும்போது நிறம் வெளிறிப்போகாமல் இருக்க டோன் மேப்பிங் செய்ய வேண்டும். இது கூடுதல் பாரம், பழைய உள் கிராஃபிக்ஸ் இங்கேதான் திணறும். அதனால் உங்களிடம் இருப்பதிலேயே கனமான 4கே எச்டிஆர் படத்தை வைத்துச் சோதியுங்கள்.

சோதிக்கும்போது வன்பொருள் முடுக்கம் (வீடியோ மாற்றும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடுவது) உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றும் உறுதிசெய்யுங்கள். ஜெல்லிஃபினில் இது இலவசம், ஆனால் அமைப்பில் நீங்களே இயக்க வேண்டும். பிளெக்ஸில் இதற்குக் கட்டணச் சந்தாவான பிளெக்ஸ் பாஸ் வேண்டும். டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டினால் கிராஃபிக்ஸ் சாதனக் கோப்புகளைக் கன்டெய்னருக்குள் கொடுத்து, ரெண்டர் குழுவின் அனுமதியையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு, "உள் கிராஃபிக்ஸ் போதவில்லை" என்று கார்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். படம் மாறிக்கொண்டிருக்கும்போது பிராசஸர் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், கிராஃபிக்ஸ் சிப்பை யாரும் தொடவே இல்லை என்று அர்த்தம்.

படி 5: வீடியோ தவிர வேறு வேலைகள் உண்டா?

குடும்பப் புகைப்படங்களுக்கு இம்மிச் போன்ற மென்பொருள் வைத்தால், முகங்களை அடையாளம் காண்பது, "கடற்கரை" என்று தேடினால் கடற்கரைப் படங்களை எடுத்துத் தருவது எல்லாம் செய்யும். முதல் முறை பல்லாயிரம் படங்களை அலசும்போது பிராசஸருக்கு நாள் கணக்கில் வேலை இருக்கலாம். அதன் பிறகு தினமும் வருவது சில பத்துப் படங்கள்தான். ஒரு முறை வேலைக்காக நிரந்தரமாக ஒரு கார்டு வைக்க வேண்டியதில்லை. இம்மிச்சின் அலசும் பகுதியைத் தனியாக வேறொரு கம்ப்யூட்டரிலும் ஓட்ட முடியும். வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர் இருந்தால் அதன் கார்டை அந்த முதல் சில இரவுகளுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மிக நல்ல வசதி இது, ஆனால் பலருக்குத் தெரிவதில்லை.

பாதுகாப்புக் கேமராக்களுக்கு ஃப்ரிகேட் என்ற மென்பொருள் வைத்தால், ஆளா வாகனமா என்று கண்டறிய இன்டெல் உள் கிராஃபிக்ஸை ஓபன்வினோ என்ற இன்டெல் மென்பொருள் மூலம் பயன்படுத்தலாம். சில கேமராக்களுக்கு அது போதும்.

வீட்டிலேயே சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி ஓட்ட ஆசை என்றால், அங்கே பதில் மாறும். அதற்குத் தனி கார்டு உண்மையிலேயே வேண்டும். ஒரு சொல் துண்டை உருவாக்க மாதிரி முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒரு முறை படிக்க வேண்டியிருக்கிறது; ஆகவே நினைவக வேகம்தான் எல்லாம். 800 கோடி அளவுருக்கள் உள்ள மாதிரியை 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி. இரண்டு சேனலில் ஓடும் டிடிஆர்4-3200 ரேம் நொடிக்கு 51.2 ஜிபி தரும், ஆக நொடிக்குப் பத்துத் துண்டுகள்தான் மேல்வரம்பு. ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகை நொடிக்கு 360 ஜிபி தரும், அதாவது ஏழு மடங்கு. ஆனால் இதைச் சேமிப்பு சர்வரிலேயேதான் செய்ய வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். ஓட்டுநர் மென்பொருளை அடிக்கடி மாற்றுவதும் மறுதொடக்கம் செய்வதும் பரிசோதனைக்குச் சரி. குடும்பத்தின் எல்லாப் படங்களும் இருக்கும் மெஷின் அமைதியாக ஓடினால்தான் எனக்குத் தூக்கம் வரும். முடிந்தால் இரண்டையும் பிரித்துவையுங்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸ் வைத்து விளையாடுவதற்கும் தனி கார்டு வேண்டும், பயாஸில் ஐஓஎம்எம்யு (கார்டை விர்ச்சுவல் மெஷினுக்கே ஒப்படைக்க உதவும் வசதி) இயக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

படி 6: கார்டு எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போடுங்கள்

முதலில் மின்சாரம். சர்வர் ஆண்டு முழுக்க ஓடும். 1 வாட் ஆண்டு முழுக்க எரிந்தால் 8.76 கிலோவாட் மணி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். என் சர்வரில் பழைய கேமிங் கார்டு ஒரு வருடத்துக்கு மேல் சும்மா செருகியிருந்தது. கழற்றிவிட்டு மீட்டரில் பார்த்தபோது சுவரிலிருந்து இழுப்பது 17 வாட் குறைந்திருந்தது. ஆண்டுக்கு 149 கிலோவாட் மணி, ஒரு கோப்பைக்கூட நகர்த்தாத ஒரு பொருளுக்கு. கார்டு தானே எரிப்பது மட்டும் கணக்கில்லை; சில கார்டுகள் இருந்தால் பிராசஸர் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போக முடியாமல் போகும், அதுவும் சேர்ந்துவிடும்.

அடுத்து ஸ்லாட். சாதாரண மதர்போர்டில் பிராசஸரோடு நேராக இணைந்த அகலமான பிசிஐஇ ஸ்லாட் பெரும்பாலும் ஒன்றுதான். சேமிப்பு சர்வர் வளரும்போது அந்த இடத்தைக் கேட்டு இரண்டு பேர் வருவார்கள். கூடுதல் டிஸ்க்குகளை இணைக்கும் எச்பிஏ கார்டு ஒருவர். எல்எஸ்ஐ 9211-8ஐ போன்றவற்றுக்கு ஸ்லாட்டில் எட்டு லேன் (தரவுப் பாதை) வேண்டும். 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு இன்னொருவர். சேமிப்புக்காகக் கட்டிய மெஷினில் அந்த ஸ்லாட் இவர்களுக்குத்தான் உரியது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கேமிங் கார்டு பக்கத்து ஸ்லாட்டையும் மறைத்துவிடும்.

படி 7: அப்படியும் கார்டு வேண்டும் என்றால்

உள் கிராஃபிக்ஸ் இல்லாத பிராசஸர் ஏற்கெனவே கையில் இருக்கிறது, டிரான்ஸ்கோடிங்கும் தேவை. அல்லது ஒரே சமயத்தில் பலர் 4கே பார்க்கிறார்கள். அப்போது வாங்குங்கள், தவறில்லை. அதற்கு முன் ஒரு கணக்கு: பழைய பிராசஸரை விற்று, அதே சாக்கெட்டுக்கு உள் கிராஃபிக்ஸ் உள்ள ஒன்றை மாற்றுவது மலிவாக முடியுமா என்று பாருங்கள். பல நேரம் முடியும், ஸ்லாட்டும் காலியாக இருக்கும்.

வாங்குவதானால் இன்டெல் ஆர்க் ஏ310 இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். தனி மின் கேபிள் வேண்டாம், ஏவி1 வரை எல்லாக் கோடெக்கையும் கட்டும். லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) 6.2 அல்லது பிந்தையது இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது மின்சாரம் அதிகம் இழுக்கும் பழக்கம் ஆர்க் கார்டுகளுக்கு உண்டு; பயாஸில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு அமைப்பை இயக்கிவிடுங்கள். என்விடியா என்றால் சிறிய குவாட்ரோ பி400 போன்றவை கிடைக்கும். என்விடியாவின் விளையாட்டுக் கார்டுகளில் ஒரே சமயத்தில் எத்தனை வீடியோ கட்டலாம் என்பதற்கு ஓட்டுநர் மென்பொருளிலேயே வரம்பு உண்டு. 2023இல் அதை 3லிருந்து 5 ஆகவும், 2024இல் 8 ஆகவும் உயர்த்தினார்கள். வீட்டுக்கு அது போதும்.

வாங்கவே கூடாதவை சில உண்டு. ஜிடி 1030 மலிவாகக் கிடைக்கும், ஆனால் வீடியோவைக் கட்டும் சுற்று அதில் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் இல்லை. திரை காட்ட மட்டும் என்றால் பரவாயில்லை. டிரான்ஸ்கோடிங்குக்கு என்று வாங்கினால் பணம் வீண்.

செருகும்போது, உள் கிராஃபிக்ஸும் இருக்கும் மெஷின் என்றால் கவனியுங்கள்: தனி கார்டைப் பார்த்ததும் பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் பயாஸில் பல மானிட்டர் அமைப்பை இயக்க வேண்டும். படி 2இல் சொன்ன நெட்வொர்க் பெயர் விஷயத்தை முன்பே சரிசெய்துவிடுங்கள். இயக்கியதும் ஒரு படத்தை ஓட்டி, தரத்தை வேண்டுமென்றே குறைத்து, டிரான்ஸ்கோடிங்கைத் தூண்டுங்கள். பிளெக்ஸ் என்றால் நிர்வாகப் பக்கத்தில் எச்டபிள்யு என்ற குறி வர வேண்டும். ஜெல்லிஃபின் என்றால் பிராசஸர் பயன்பாடு தாழ்ந்தே இருக்க வேண்டும்.

அப்புறம் டிஸ்க்குகளின் வெப்பம். சிறிய கேஸில் கார்டின் விசிறி சூடான காற்றை ஹார்ட் டிஸ்க் பக்கமே தள்ளும். கார்டு போடுவதற்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற தன் கண்காணிப்பு வசதியில் காட்டும் வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். போட்ட பின் ஒரு வாரம், படம் ஓடும் நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏதாவது ஒன்று 45 டிகிரியைத் தாண்டி நின்றால் முன்பக்கம் ஒரு விசிறியைச் சேருங்கள். அதற்கும் இடமில்லாத கேஸ் என்றால் கார்டைக் கழற்றிவிடுங்கள்.